வரேன் இல்லாத பாட்டு

விருத்தாசலம்
4.3.2025

நந்தகுமாருக்கு அன்புக்கரசி எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாக இருப்பது ஊருக்கே தெரிகிறது. டவுன் பஸ்ஸில், டீக்கடையில், பாலக்கரை செல்போன் கடை வாசலில், எங்கே நின்றாலும் உன் பாட்டுதான் ஓடுகிறது.

போன் செய்யாமல் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். என் போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். திறந்தால் என் தம்பி ஆடுகிறான். யாரோ ஒருத்தி அவன் பக்கத்தில் தன் படத்தை ஒட்டிக்கொண்டு கூடவே ஆடுகிறாள். அவன் செத்து நாலு மாதம் ஆகிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மணவாளநல்லூர் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் உன் பேரில் பிராது கட்டிவிட்டேன். ஒளிவுமறைவு எனக்குப் பழக்கமில்லை, எழுதியதை அப்படியே சொல்கிறேன். 'என் தம்பி கொளஞ்சிநாதன் குரலை வைத்து அவன் சிநேகிதன் நந்தகுமார் ஒரு பாட்டு போட்டிருக்கிறான். அதில் என் தம்பி போயிட்டு, போயிட்டு என்று மட்டும் சொல்கிறான். வரேன் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பாட்டை எடுத்துவிட வேண்டும்.' அவ்வளவுதான். தாளை முனியப்பர் சந்நிதி வேலில் கட்டியாகிவிட்டது. மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவைப்பார் என்பது உனக்குத் தெரியாததல்ல. உன் அம்மா தொலைந்துபோன சங்கிலிக்குப் பிராது கட்டி, எடுத்தவளே கொண்டுவந்து கொடுத்த கதையை எங்களுக்குச் சொன்னவனே நீதான்.

நீ ரெக்கார்ட் பண்ணிய அந்த ஞாயிற்றுக்கிழமை பீங்கான் யூனிட்டில் நான் சொன்னேனா இல்லையா? "டேய், வரேன்னு சேத்து சொல்லுடா. போயிட்டுன்னு மட்டும் சொன்னா நல்லாவா இருக்குது?" என்றேன். நீ என்ன சொன்னாய்? "வரேன் போட்டா பீட்டு இடிக்குதுக்கா" என்றாய். அவன் சிரித்தான். அடுத்த வாரமே வேப்பூர் கூட்டு ரோட்டில் லாரி.

இப்போது பீட்டு எதுவும் இடிக்கவில்லையே. சந்தோஷம்.

அன்புக்கரசி

*

சென்னை
12.3.2025

அக்கா,

பதில் எழுத உட்கார்ந்தால் வீட்டில் பேனாவே இல்லை. கீழே கடைக்குப் போய் வாங்கி வந்தேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிராது கட்டியிருக்க வேண்டாம். என்னைத் திட்டியிருக்கலாம், வந்து கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். சாமியிடம் ஏன் போனீர்கள்? அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

நான் அவன் குரலை வைத்துப் பிழைக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அந்தப் பாட்டில் பாதி உங்கள் கையால் வந்தது என்பதை மறந்துவிட்டீர்களா? அன்றைக்கு ஆர்டர் அவசரமென்று நீங்கள் ரெண்டு பேரும் லீவு நாளில் வேலை பார்த்தீர்கள். நான் சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்று வந்தேன். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, சூளையிலிருந்து வந்த பீங்கான் ஃபியூஸ் கேரியரை எல்லாம் ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது டிங் என்றது. விரிசல் விட்டது டொக் என்றது. டிங் டிங் டொக், டிங் டொக். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அக்கா, நிறுத்தாதீங்க, அப்படியே தட்டுங்க" என்று நான் கத்தியது இன்னும் ரெக்கார்டிங்கில் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொளஞ்சி, இன்னும் சுடாத பச்சை அகல்விளக்கு அடுக்கிய பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அந்த நடையை உங்கள் யூனிட்டில் எல்லோருமே நடக்கிறார்கள். தோள் அசைந்தால் பச்சை மண் நசுங்கிவிடும், அதனால் அசைவெல்லாம் இடுப்புக்குக் கீழேதான். நீங்கள் தட்டிய தட்டுக்கு அவன் தன் கால்களை ஆடவிட்டான். மேலே சிலை மாதிரி நிற்கிறான், கீழே கால் ரெண்டும் பேயாட்டம் போடுகிறது. ஒரு விளக்கு விழவில்லை. அதைத்தான் இன்று பலகை ஸ்டெப் என்று ஊர் உலகமெல்லாம் ஆடுகிறது. பலகை இல்லாதவர்கள் பரீட்சை அட்டையையும் சாப்பாட்டுத் தட்டையும் தோளில் வைத்துக்கொள்கிறார்கள். வரிகளும் அவனுடையவை.

தோளுமேல பலகை, ஆடுதா பாரு?
காலு மட்டும் பேசுது, கேக்குறவன் யாரு?
போயிட்டு, போயிட்டு, போயிட்டு...

இதைக் கேட்க அவன் இல்லை என்பதற்காக உலகமும் கேட்கக்கூடாதா? அவன் காரியம் முடிந்த பிறகுதான் வெளியிட்டேன். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். நீங்கள் "என்னமோ பண்ணு" என்றீர்கள்.

வரேன் சேர்க்கச் சொல்கிறீர்கள். அவன் சொல்லவே இல்லையே அக்கா. செத்தவனை மைக் முன்னால் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லுடா என்று எப்படிக் கேட்பேன்? பாட்டை எடுக்கவும் முடியாது, அது ஆடியோ கம்பெனி கைக்குப் போய்விட்டது.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் எனக்குக் கேட்கிறது. குழாய் சொட்டினால்கூட டிங் டிங் டொக். அதற்கப்புறம் அவன், போயிட்டு... மீதி எப்போது வரும் என்று நான் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருக்கிறேன்.

நந்தா

*

விருத்தாசலம்
19.3.2025

நந்தா,

செத்தவனை எப்படிக் கூப்பிடுவேன் என்று கேட்கிறாய். கூப்பிடாமலா தெருத்தெருவாக ஆடவிட்டிருக்கிறாய்?

மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் முழுக்குப் போடப் போனேன். ஈரப்புடவையோடு கரையேறினால் ராட்டினக்காரன் உன் பாட்டைப் போட்டிருக்கிறான். ராட்டினம் மேலே போகும்போதும் என் தம்பி போயிட்டு என்கிறான், கீழே இறங்கும்போதும் போயிட்டு என்கிறான். பக்கத்தில் ஒரு வாண்டுப் பெண் அம்மா கையை உதறிக்கொண்டு, தோளைத் தூக்கி, "போயிட்டு போயிட்டு" என்று கூட்டத்துக்குள் ஓடுகிறாள். பெற்றவள் சிரிக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. "வரேன்னு சொல்லச் சொல்லும்மா புள்ளைய" என்று சத்தம் போட்டேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

யூனிட்டில் எங்கள் முதலாளி திருமால் 'பலகை பாட்டு எடுத்த இடம்' என்று ஃப்ளக்ஸ் கட்டியிருக்கிறார். அன்றைக்கு வேலை நேரத்தில் என்னடா கூத்து என்று உங்களை விரட்டிய அதே மனிதர்தான். காரில் வந்திறங்குகிறார்கள், என் ஸ்டூலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் போனதும் நான் அதே ஸ்டூலில் உட்கார்ந்து தட்ட வேண்டும். வரிசையாக ரெண்டு டிங் வந்தால் கை நின்றுவிடுகிறது. அடுத்தது டொக் என்றால் அவன் வாயைத் திறப்பான். அதற்குப் பயந்து, ரெண்டு தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். திருமால் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. உன்னைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பினானே, அன்று காலை நடந்தது. வண்டியை வேப்பூரில் போட்டுவிட்டு பஸ் ஏறுவதாகச் சொன்னான். துணிப் பையைப் பலகை மாதிரி தோளில் வைத்துக்கொண்டு, அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டே வாசலைத் தாண்டினான். "போயிட்டு, போயிட்டு" என்று பாடிக்கொண்டே வண்டியை எடுத்தான். நான் முதலில் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. கூப்பிட்டு வரேன் சொல்லவைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் கிளம்பிவிட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா? சொல்லாமல் போவதும் ஆகாது, கூப்பிடுவதும் ஆகாது. எதை மீறுவது என்று நான் யோசிப்பதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.

அந்த ஒரு சொல் அந்தரத்தில் நிற்கிறது நந்தா. அவனும் அங்கேயே நிற்கிறான் என்று தோன்றுகிறது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து வாங்கிக் கொடு.

அன்புக்கரசி

*

சென்னை
28.3.2025

அக்கா,

அந்தக் காலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. என்னைப் பார்க்கத்தான் வந்தான் என்பது தெரியும். பாடிக்கொண்டே வந்தான் என்பது தெரியாது.

வரேன் சேர்க்கிறேன். வழி ஒன்று இருக்கிறது. அவன் போன் உங்களிடம்தானே இருக்கிறது? கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் பரவாயில்லை. அவன் டைப் பண்ணவே மாட்டான், எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவான். அதில் எங்காவது அவன் வாயால் சொன்ன ஒரு வரேன் கட்டாயம் இருக்கும். எடுத்து ஒட்டிவிடலாம்.

கம்பெனியில் மோகனப்பிரியா மேடத்திடம் பேசினேன். மறுப்பார் என்று நினைத்தேன். புத்தாண்டுக்குப் புது வெர்ஷன், செத்துப்போன பையனின் இன்னொரு சொல், ஜனங்கள் பைத்தியமாகிவிடுவார்கள் என்று கண்ணை விரித்தார். அக்காவுக்காகச் செய்கிறேன் என்றேன், அது இன்னும் நல்லது என்றார். எனக்கு எழுந்து வந்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் சரியென்று தலையாட்டிவிட்டேன்.

போனை அனுப்புங்கள்.

நந்தா

*

விருத்தாசலம்
3.4.2025

நந்தா,

போனைக் கூரியரில் போட்டிருக்கிறேன். போலீஸ் கொடுத்த கவரிலேயே இத்தனை நாள் கிடந்தது. பக்கத்து வீட்டுக் காவியா, அதுதான் காலேஜ் படிக்கிற பெண், சார்ஜ் போட்டு உயிர் வரவைத்தாள். நான் கையில் வாங்கவில்லை.

அதில் பெண் பிள்ளை யாருக்காவது ஏதாவது பேசி அனுப்பியிருந்தால் நீ கேட்காதே. கேட்டுவிட்டால் யார் என்று எனக்கு எழுது. ஒருத்தி எங்கேயாவது எனக்குத் தெரியாமல் அழுதுகொண்டிருக்கப் போகிறாள்.

அன்புக்கரசி

*

சென்னை
24.4.2025

அக்கா,

பெண் யாரும் இல்லை. எல்லாம் உங்களுக்கும் எனக்கும் அனுப்பியதுதான். அவன் உலகம் அவ்வளவுதான் போல.

கிடைத்துவிட்டது. உங்களுக்கு அனுப்பிய ஒன்று. வண்டியில் வந்துகொண்டே பேசியிருக்கிறான், காற்று இரைகிறது. "அக்கா, சோறு எடுத்து வையி, வரேன்." அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, போயிட்டுக்குப் பின்னால் வைத்தேன். பீட்டு இடிக்கவில்லை. முதலிலேயே உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஒட்டு எனக்கு மட்டும் தெரிகிறது, ஏனென்றால் போயிட்டு யூனிட் தகரக் கூரைக்குக் கீழே சொன்னது, வரேன் வெட்டவெளியில் சொன்னது. ரெண்டும் ரெண்டு இடத்துக் காற்று.

சித்திரை ஒன்றாம் தேதி விட்டார்கள். முதல் பாட்டு ஓடியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. மங்கலம்பேட்டை ஆட்கள் துபாய் கேம்ப்பில் கட்டில் பலகையைத் தோளில் வைத்து ஆடுகிற வீடியோவைப் பார்த்தீர்களா? சரி, நீங்கள் எங்கே பார்ப்பீர்கள். போன ஞாயிறு இங்கே பீச்சில் போட்டார்கள். மணல் முழுக்க ஜனம். போயிட்டு, போயிட்டு என்று எல்லோரும் தோளை இறுக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். வரேன் வந்ததும் அத்தனை பேரும் ஒன்றாகப் பலகையைக் கீழே இறக்குவது மாதிரி குனிந்து, ஒரே குரலில் "வரேன்" என்கிறார்கள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்றும் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை பேரும் யாரையோ கூப்பிடுவது மாதிரி இருந்தது, மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. பிராதை வாபஸ் வாங்கிவிடுங்கள்.

நந்தா

*

விருத்தாசலம்
7.5.2025

அன்புள்ள நந்தா,

நீ நன்றாக இருப்பாய். இந்தக் கடிதம் உனக்கு நன்றி சொல்லத்தான்.

புதுப் பாட்டைக் காவியா வீட்டில் போட்டார்கள். சுவரோடு காதை வைத்துக் கேட்டேன். அவன் வரேன் என்றான். எத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதோ, அது இறங்கிவிட்டது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம், ஷிஃப்ட் விட்டு அவன் வருகிற நேரம், கேட் கொண்டி தூக்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. அடுத்த நாளும் அதே நேரம். மூன்றாம் நாள் எனக்குப் புரிந்துவிட்டது. சோறு எடுத்து வையி என்றுதானே சொல்லியிருக்கிறான்? எடுத்துவைத்தேன். வாசலிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் சிமெண்ட் தரையில் வெள்ளை மண் தடம் இருந்தது, காலைக் கழுவாமல் உள்ளே வருகிற அதே பழக்கம். எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது திட்டவில்லை. துடைக்கவும் இல்லை.

தினமும் வருகிறான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தால் சீக்கிரம் வருகிறான். சாப்பிடுகிறான். நான் எதிரே உட்கார்ந்து யூனிட் கதையெல்லாம் சொல்கிறேன். யூனிட்டுக்கு இப்போது போவதில்லை, அவன் வரும்போது வீடு பூட்டியிருக்கக்கூடாதே. திருமால் ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன்.

பயந்துவிடாதே, எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. பிராதை மட்டும் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. வாங்கினால் அவன் வருவது நின்றுவிடுமோ என்று இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அக்கா

*

சென்னை
13.5.2025

அக்கா,

கோபப்படாதீர்கள், காவியாவிடம் போனில் பேசிவிட்டேன். நீங்கள் பகலிலும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறீர்களாம். பாட்டை நிறுத்தினால் சுவரைத் தட்டி மறுபடி போடச் சொல்கிறீர்களாம். ரொம்ப இளைத்துவிட்டீர்கள் என்றும் சொன்னாள்.

தரையில் இருக்கிற மண் தடம் உங்கள் கால் தடமாக இருக்கலாம். கேட் காற்றில் ஆடலாம். இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்வது எனக்கே சிரிப்பாக இருக்கிறது, ஏனென்றால் நான் இங்கே விளக்கை அணைக்காமல் படுக்கிறேன். ஆனால் நான் பயப்படுகிறேன் அக்கா, நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

வருகிற ஞாயிறு வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள். மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான்.

நந்தா

*

சென்னை
21.5.2025

அக்கா,

என்னை மன்னித்துவிடுங்கள். அப்படி ஓடி வந்திருக்கக்கூடாது. வேப்பூர் வந்து பஸ் ஏறிய பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பதே தெரிந்தது.

நீங்கள் மூன்று தட்டு வைத்தபோதுகூட நான் என் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நடுத்தட்டில் குழம்பு ஊற்றி, "முள்ளு பாத்து சாப்புடுடா" என்று நீங்கள் சொன்னபோதும் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். வாபஸ் வாங்குங்கள் என்றேன், நீங்கள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டீர்கள். "நீ அனுப்புனவன், நீயே தடுக்கிறியா?" என்று கேட்டீர்கள். சரி, அழுதுவிடுவேன், கிளம்பலாம் என்றுதான் வாசலுக்கு வந்தேன்.

நிலைப்படியில் நின்று "அக்கா, போயிட்டு" என்று வாயெடுத்தேன். நான் முடிப்பதற்குள் உள்ளே இருந்து "வரேன்" என்று கேட்டது.

காவியா வீட்டுப் பாட்டாக இருக்கும் என்று பஸ் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த வரேனை வெட்டி ஒட்டியவன் நான். நான் ஒட்டியதில் பைக் காற்று இரையும். உள்ளேயிருந்து வந்ததில் காற்று இல்லை. வீட்டுக்குள் நின்று சொன்ன மாதிரி இருந்தது. உங்களுக்கும் கேட்டதா? இதை மட்டும் எழுதுங்கள்.

மூன்று மாதக் கெடு முடியப்போகிறது. கும்பிட்டுக் கேட்கிறேன், மணவாளநல்லூர் போய்விட்டு வாருங்கள்.

நந்தா

*

விருத்தாசலம்
2.6.2025

நந்தா,

உன் செருப்பைக் கழுவிக் காயவைத்து எடுத்துவைத்திருக்கிறேன். மடையன், வெயிலில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் போயிருக்கிறாய்.

எனக்கும் கேட்டது. ஆனால் நான் தினமும் கேட்பது அது, அதனால் அதில் எனக்கு ஆச்சரியமில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது நீதான். போயிட்டு என்றாய், அதோடு நிறுத்தினாய், திரும்பிப் பார்க்காமல் போனாய். நான் வாசலில் நின்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊரில் எந்த வீட்டிலிருந்து அப்படிப் போவார்கள் நந்தா?

எங்கள் அம்மா செத்தபோது வந்த சனம் பூராவும் அப்படித்தான் போனது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அத்தை ஒருத்தி பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேம்மா" என்று ஆரம்பிக்க, பெரியப்பா ஓடிவந்து, "எழவு வூட்டுல என்னா பேச்சு பேசுற, சொல்லிக்காம நட" என்று அதட்டினார். சாவு வீட்டுக்கு யாரும் திரும்பி வரேன் என்று சொல்ல மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்கொடுப்பேன்.

காரியம் முடித்து, வீடு கழுவி, விளக்கேற்றி, எல்லாம் செய்தேன். சாவு வீடு அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நீ போன போக்கில்தான் புரிந்தது, அது முடியவில்லை. தட்டு வைத்து வைத்து நான்தான் முடியவிடாமல் வைத்திருக்கிறேன்.

சாப்பிடுகிறான் என்று உனக்கு எழுதியது பொய். அவன் ஒரு நாளும் சாப்பிடவில்லை. வைத்தது வைத்தபடியே இருக்கும், கடைசியில் நான்தான் எடுத்துத் தின்பேன். வருவான், நிற்பான், அவ்வளவுதான். பசித்து வந்தவன் மாதிரியே இல்லை. யாரோ இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய மாதிரி இருப்பான். பீச்சில் அத்தனை பேர் கூப்பிட்டதாக எழுதினாயே, ஊரே சேர்ந்து கூப்பிட்டால் பாவம், அவன் என்ன செய்வான்? முதல் குரல் என்னுடையது.

அன்று காலை அவன் கிளம்பியதும் ஒரு சாவு வீட்டிலிருந்துதான், அன்றே அவனைப் பறிகொடுக்கப் போகிற வீடு. அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வரேன் சொல்லாமல் போனானே, அதுதான் முறை. அவன் முறையாகத்தான் போயிருக்கிறான். நான்தான் அவன் வாயில் அந்தச் சொல்லைத் திணித்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் கொண்டி தூக்குகிற சத்தம் கேட்டது. நான் தட்டை எடுக்கவில்லை. எழுந்து நின்று, "தம்பி, கெளம்புடா. சொல்லிக்காம போ" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. பிறகு கொண்டி விழுந்தது. கூப்பிட வேண்டும் போல வாய் துடித்தது. கூப்பிடவில்லை. இந்தத் தடவை யோசித்து நிற்கவும் இல்லை. வாளியில் தண்ணீர் எடுத்து வந்து தரையைக் கழுவிவிட்டேன்.

இன்று காலை மணவாளநல்லூர் போய் பிராதை வாபஸ் வாங்கிவிட்டேன். "காரியம் முடிஞ்சிதாம்மா?" என்று கோயிலில் கேட்டார்கள். "முடிஞ்சிதுங்க" என்றேன்.

புதுப் பாட்டை எடுக்கச் சொல். உன் மேடத்திடம் நான் பேச வேண்டுமென்றால் காவியா போனிலிருந்து பேசுகிறேன், நாலு வார்த்தை கேட்டால் எடுத்துவிடுவார். பழைய பாட்டு ஓடட்டும். அதில் என் கை இருக்கிறது, அவன் கால் இருக்கிறது, அவன் போவது மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் ஆடிவிட்டுப் போகட்டும். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகத் திருமாலிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆடிப் பெருக்குக்கு வந்து உன் செருப்பை எடுத்துக்கொண்டு போ. ரெண்டு தட்டுதான் வைப்பேன். ஆனால் நீ கிளம்பும்போது இதே வாசலில், இதே நிலைப்படியில் நின்று, "போயிட்டு வரேன்க்கா" என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். இது இப்போது சாவு வீடு இல்லை.

அன்புக்கரசி